முகாமில் வளர்ந்த மைனி வார்டு உறுப்பினருக்கு நிற்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மைனி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் வளர்ந்தவர். உங்கள் அண்ணனைக் கட்டி பன்னிரண்டு வருஷமாக உங்கள் வீட்டில்தான் இருக்கிறார். ஆதார் உண்டு, ரேஷன் கார்டில் பெயர் உண்டு, மகளிர் குழுவுக்குத் தலைவியும் அவர்தான். அடுத்த ஊராட்சித் தேர்தலில் வார்டுக்கு நிற்கச் சொல்லி ஊரில் நாலு பேர் கேட்கிறார்கள். வாக்காளர் அட்டை மட்டும் இல்லை. "ஐயாயிரம் தந்தால் எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் வீட்டுக்கே வந்திருக்கிறார். உங்கள் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சிலோனிலிருந்து வந்த அக்கா ஒருவர் கவுன்சிலராக இருந்தாரே, அவருக்கு ஒரு சட்டம், எங்கள் மைனிக்கு ஒரு சட்டமா என்று ஆதங்கத்தோடு முடித்திருக்கிறீர்கள்.

நான் ஊரக வளர்ச்சித் துறையில் ஊராட்சி கணக்குப் பார்க்கத் தொடங்கி, இதே மாவட்டத்தின் ஒன்றிய அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உள்ளாட்சித் தேர்தலில் வேட்புமனு வாங்கும் மேசையிலும் பரிசீலனை மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். வக்கீல் அல்ல. ஆகவே தேர்தல், கிராம சபை, ஊராட்சி நடைமுறை பற்றிச் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். குடியுரிமை பற்றிச் சொல்வதை, ஆவணங்களோடு ஒரு வக்கீலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஐயாயிரம் விஷயத்தைத்தான் முதலில் முடிக்க வேண்டும், ஏனென்றால் அதில்தான் உடனடி ஆபத்து இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் சேர இந்தியக் குடிமகளாக இருக்க வேண்டும் என்பது 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. பட்டியலில் பெயர் சேர்க்கக் கொடுக்கும் படிவம் 6-இல் "நான் இந்தியக் குடிமகள்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். தெரிந்தே பொய்யாகப் போட்டால் அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கையெழுத்து மைனியுடையது, ஐயாயிரம் வாங்கியவருடையது அல்ல. ஆதார் இருக்கிறதே என்று அவர் சொல்வார். ஆதார் இங்கே வசிப்பவருக்குக் கொடுப்பது. அது குடியுரிமைக்குச் சான்றாகாது என்று 2016 ஆதார் சட்டத்தின் 9-ஆம் பிரிவே சொல்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: வேட்புமனு பரிசீலனையில் நாங்கள் பார்ப்பது பட்டியலில் பெயர் இருக்கிறதா, 21 வயது ஆகிவிட்டதா, முன்மொழிபவர் அந்த வார்டுக்காரரா, டெபாசிட் கட்டியாகிவிட்டதா என்பவற்றைத்தான். பெயர் எப்படிப் பட்டியலுக்குள் வந்தது என்று அந்த மேசையில் யாரும் தோண்டுவதில்லை. அதனால் மனு சுலபமாகத் தாண்டிவிடும். ஜெயித்த பிறகு தோற்றவர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவார். பதவியும் போய், கையில் ஒரு குற்ற வழக்கும் நிற்கும். பிறகு முறையாகக் குடியுரிமை கேட்கும் நாள் வந்தால் அந்த வழக்கு குறுக்கே வந்து படுத்துக்கொள்ளும்.

இனி ரப்பர் தோட்டத்து அக்காவின் கதை. கடலின் அதே கரையிலிருந்து வந்தவர்தான், ஆனால் வந்த வழி வேறு. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு பக்கம் அரசு ரப்பர் தோட்டங்களில் குடியேறியவர்கள் பெரும்பாலும் தாயகம் திரும்பியோர். 1964 அக்டோபர் 30-இல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதாகவும் எழுதினார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களை, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு அரசுகள் எண்ணிப் பங்கு போட்ட ஒப்பந்தம் அது. என் மனசில் அதற்கு மரியாதை கிடையாது. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் கீழ் வந்தவர்கள் கப்பல் ஏறும் முன்பே இலங்கையின் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் இந்தியக் குடிமக்களாகப் பதிவாகி, இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்தார்கள். தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கும்போதே அவர்கள் இந்தியர்கள். அந்த அக்காவுக்கு ஓட்டு போடவும் தேர்தலில் நிற்கவும் உள்ள உரிமை எனக்கு உள்ள அதே உரிமைதான். யாரும் அவருக்குச் சலுகை காட்டவில்லை.

இந்தப் பெண்களின் குடும்பங்களில் ஓட்டுரிமைக்கு ஒரு தனி வரலாறு உண்டு, நம்மூரில் பலருக்குத் தெரியாது. இலங்கையில் 1931-லேயே பெண்களுக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. 1947 தேர்தலில் மலையகத் தமிழர்கள் இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு வருஷமே 1948 குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949-இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். ஒரு முறை ஓட்டுப் போட்ட பாட்டிகள் நாடற்றவர்களாக ஆனார்கள். அவர்களுடைய பேத்திகள் இங்கே வந்து பட்டியலில் பெயரைப் பார்த்தபோது அதை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். பூத் சிலிப் வரவில்லை என்று நம்மூர்க்காரர் வீட்டிலேயே இருந்துவிடுவார். தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) வந்தவர்கள், பால்வெட்டு முடித்த கையோடு, கையில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்க, வரிசையில் நிற்பார்கள்.

அந்தத் தோட்டங்களிலிருந்து ஒரு அம்மா வேட்புமனுவோடு வந்தது நினைவிருக்கிறது. பிளாஸ்டிக் உறைக்குள் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார்: பழைய நீல அட்டைப் பாஸ்போர்ட், கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை, ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை. நாலிலும் ஒரே பெண், நாலு விதமாகப் பெயர். ஒன்றில் மாரியாயி, ஒன்றில் மாரியம்மாள், ஒன்றில் தகப்பன் பெயரும் அவர் பெயரும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகக் கிடந்தது. எதிர் வேட்பாளர் உடனே ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். பட்டியலில் உள்ள பெயரும் மனுவில் உள்ள பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று தெளிவாகத் தெரிந்தால், எழுத்துப் பிழைக்காக மனுவைத் தள்ளக் கூடாது. மனுவை ஏற்றுக்கொண்டோம். ஆனால் அந்த அரை மணி நேரம் அந்த அம்மா நின்ற நிலை இருக்கிறதே, மறுபடியும் யாரோ தன்னை எந்த நாட்டுக்காரி என்று கேட்கப் போகிறார்கள் என்ற பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது. சொந்த உரிமை உள்ளவர்களுக்கே காகிதம் இப்படி இடறுகிறது. தோட்டத்துப் பெண்கள் யாராவது இதைப் படித்தால், தேர்தல் அறிவிப்பு வரும் முன்பே படிவம் 8 கொடுத்துப் பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இப்போது மைனி. முகாமில் உள்ளவர்கள் 1983-க்குப் பிறகு, கலவரமும் போரும் துரத்தியதால், பெரும்பாலும் பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லாமல் படகில் வந்தவர்கள். நம் மாவட்டத்தில் பெருமாள்புரம், பழவிளை, கோழிவிளை, ஞாறான்விளை முகாம்கள் இப்படி உருவானவை. 2021-இல் மாநில அரசு இவற்றின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. உதவித்தொகையைக் கூட்டி, புதிய வீடுகளும் அறிவித்தது. ஆனால் குடியுரிமை மத்திய அரசின் கையில் இருக்கிறது, அங்கே கணக்கு வேறு. நீங்கள் இத்தனை எழுதியும், மைனி எங்கே, எந்தத் தேதியில் பிறந்தார் என்பதை எழுதவில்லை. பதில் முழுக்க அதைப் பொறுத்துத்தான் மாறும்.

1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, 1950 ஜனவரி 26-இலிருந்து 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள். தாய் தகப்பன் எந்த நாடு என்ற கேள்வியே அங்கே இல்லை. 83 கலவரத்தில் வந்த குடும்பங்களுக்கு மண்டபம் முகாமில் பிறந்த பிள்ளைகள் பலர் இதில் வருவார்கள். இது ஏட்டளவுச் சட்டம் என்று நினைக்காதீர்கள். 1986-இல் மண்டபத்தில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண், பாஸ்போர்ட் மறுக்கப்பட்டதால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் 2022-இல் சாதகமான உத்தரவு வாங்கினார். பிறகு வாக்காளர் அட்டையும் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். மைனி இந்த வகை என்றால் அவர் இப்போதே குடிமகள். செய்ய வேண்டியதெல்லாம் அதை ஆவணத்தில் நிறுவுவதுதான். பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் பிறந்த இடத்தில்தான் பதிய வேண்டும். மண்டபத்தில் பிறந்தவருக்கு நாகர்கோவிலில் அலைந்து பிரயோஜனமில்லை, ராமநாதபுரம் மாவட்டத்தில் கோட்டாட்சியர் உத்தரவு வாங்கிப் பதிய வேண்டும். முகாம் பதிவேட்டில் குடும்பத்தில் குழந்தை பிறந்து சேர்த்த பதிவும், பள்ளி மாற்றுச் சான்றிதழும் அங்கே கைகொடுக்கும். பாஸ்போர்ட் கிடைத்துவிட்டால் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) முதல் தாசில்தார் வரை யாரும் பிறகு இழுத்தடிக்க இடமில்லை.

1987 ஜூலை 1-இலிருந்து 2004 டிசம்பர் 2 வரை இங்கே பிறந்திருந்தால், பிறந்த நாளில் தாய், தகப்பன் இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருந்திருக்க வேண்டும். பெற்றோர் இருவரும் முகாம்காரர்கள் என்றால் இந்தக் கதவு திறக்காது. ஒரு நுணுக்கம் உண்டு. முகாம்களில் மலையக வம்சாவளியினரும் இருக்கிறார்கள். ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்குத் தகுதி இருந்தும் காகிதம் முடியும் முன்பே 83-இல் வீடு எரிந்து ஓடி வந்தவர்கள் அவர்களில் உண்டு. அப்படிப்பட்டவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி 2019-இல் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மைனியின் தாய்வழியிலோ தகப்பன்வழியிலோ அட்டன், பதுளை, பண்டாரவளை என்று மலையக ஊர்ப் பெயர் அடிபட்டால் விடாமல் விசாரியுங்கள். தாத்தாவின் பழைய தகரப் பெட்டியில் ஒரு கண்டி முத்திரை கிடைத்தாலும் வக்கீலுக்கு அது பெரிய பிடி.

இலங்கையிலேயே பிறந்து குழந்தையாக வந்தவர் என்றால் நிலைமை கடினம், ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தியரைக் கட்டிக்கொண்டு ஏழு வருஷம் இங்கே வசித்தவர் பதிவின் மூலம் குடியுரிமை கேட்கலாம் என்று 5-ஆம் பிரிவு சொல்கிறது. அண்ணன் இந்தியர், பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, பிறகென்ன என்று தோன்றும். அந்தப் பிரிவே சட்டவிரோதமாக நுழைந்தவரை விலக்கி வைக்கிறது. பயண ஆவணமில்லாமல் படகில் வந்தவர்களை மத்திய அரசு அந்தக் கணக்கில்தான் வைத்துப் பார்த்துவந்திருக்கிறது. 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்குத்தான் வழி திறந்தது. இலங்கையை அதில் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் ஓர் உத்தரவு வந்தது: 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு. நல்ல செய்திதான், ஆனால் அது குடியுரிமை தருவதில்லை. தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்தவரை இனியும் சட்டவிரோதக் குடியேறி என்று சொல்லலாமா, அவர் 5-ஆம் பிரிவில் விண்ணப்பிக்கலாமா என்பது வாதத்துக்கு இடமுள்ள புள்ளி. இதில் முடிந்த முடிவாக நான் எதையும் சொல்லமாட்டேன். இந்தக் குழப்பம் மைனியின் பிள்ளைகளையும் தொடலாம். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்குத் தகப்பன் மட்டும் இந்தியர் என்றால் போதாது, தாய் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது என்று சட்டம் கேட்கிறது. வக்கீலிடம் போகும்போது பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்துப் போங்கள். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இலவச சட்ட உதவிக்குப் பெண் என்பதே தகுதி, வருமானம் பார்ப்பதில்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் இன்னொரு கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்கள் வீட்டுக்கு வீடு உண்டு. அவர்கள் வேறு மாநிலத்தவர், அவ்வளவுதான். பெயரை இங்கே மாற்றிக்கொண்டால் ஓட்டும் உண்டு, நிற்கவும் நிற்கலாம். ஒரே ஒரு இடத்தில் வழுக்கும்: ஆதிதிராவிடர் பெண்ணுக்கு ஒதுக்கிய இடத்தில், கேரளத்துச் சாதிச் சான்றிதழை வைத்து இங்கே நிற்க முடியாது. புருஷன் சாதியும் கல்யாணத்தால் வராது. பொதுப் பெண்கள் வார்டில் தாராளமாக நிற்கலாம். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் அதிகம் திண்டாடியவர்கள் இந்த மருமகள்கள்தான். 2002, 2005 பட்டியல்களில் தன் பெயர் இல்லாவிட்டால் தாய் தகப்பன் பெயரைக் காட்டச் சொன்னார்கள். பிறந்த வீட்டுப் பட்டியல் கேரளத்தில் கிடந்தது.

சட்டம் இருக்கட்டும், ஊர் ஏற்றுக்கொள்ளுமா? உங்கள் கேள்விக்குள் இதுவும் ஒளிந்திருக்கிறது. இதற்கு என்னிடம் புள்ளிவிவரம் கிடையாது, பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கிராம ஊராட்சி வார்டு என்பது சில நூறு ஓட்டு. நம் மாவட்டத்தில் அந்தச் சில நூறு ஓட்டும் சபை, சமுதாயம், குடும்பம் என்று கட்டுக்கட்டாக இருக்கும். சி.எஸ்.ஐ. சேகரக் கமிட்டியிலோ கத்தோலிக்க அன்பியத்திலோ (பக்கத்து வீடுகள் சேர்ந்த சபைக் குழு) ஊர் நிர்வாகத்திலோ புருஷன் வீட்டுக்குப் பிடி இல்லாவிட்டால், வெளியிலிருந்து வந்த பெண்ணை யாரும் முன்னால் தள்ளுவதில்லை. ஆனால் தலைகீழாகவும் நடந்து பார்த்திருக்கிறேன். இரண்டு பங்காளிக் குடும்பங்கள் முறைத்துக்கொண்டு நிற்கும் வார்டில், இரண்டு பக்கத்தோடும் பழைய பகை இல்லாதவள் என்று வந்த மருமகளை ஒத்துக்கொள்வார்கள். அதிலும் குழுத் தலைவி என்றால் தனி எடை உண்டு. எந்த வீட்டில் தவணை நிற்கிறது, எந்த வீட்டில் குடித்துவிட்டு அடிக்கிறான், யாருக்கு உதவித்தொகை மனு தள்ளுபடியானது என்பது வார்டு உறுப்பினரைவிட அவளுக்குத்தான் தெரியும். 2016-இல் மாநிலத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று ஆன பிறகு, அப்படிப்பட்ட பெண்களைத் தேடிப்பிடிக்க வேண்டிய கட்டாயமும் வந்தது. (பெண் தலைவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு வீட்டுக்காரர் உட்காரும் வழக்கத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.) குளச்சல் தொகுதியிலிருந்து போன லூர்தம்மாள் சைமன் 1957-லேயே காமராசர் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறையைப் பார்த்த மாவட்டம் இது. பெண்ணால் ஆகாது என்று இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "நம்ம ஆளு இல்லியே மக்கா" என்பார்கள், அவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பார்த்தால் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. நம் ஊரிலிருந்து நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போன பெண்கள் எத்தனை பேர்! அங்கே உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட அந்நாட்டுக் குடியுரிமை தேவையில்லை, அங்கே வசித்தாலே போதும். நிற்கவும் நிற்கலாம். சுவீடனில் மூன்று வருஷம் பதிவுசெய்து வசித்த வெளிநாட்டவருக்கு 1976 முதல் உள்ளாட்சியில் ஓட்டு உண்டு. குப்பை, குடிதண்ணீர், தெருவிளக்கு, பள்ளிக்கூடம் ஆகியவற்றைத் தீர்மானிக்க, அங்கே வாழ்வது போதும் என்பது அவர்கள் கணக்கு. நாடாளுமன்றத்துக்கு வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த நர்ஸ் இந்தியப் பாஸ்போர்ட்டை விடாமல் வைத்திருந்தால், வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்து, நேரில் வந்து நம் சட்டமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். அதே தெருவில் முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருக்கும் முகாம்காரிக்குப் பஞ்சாயத்துக் குழாயைப் பற்றிக்கூட ஓட்டு இல்லை. நம் அரசமைப்பு உள்ளாட்சிக்கும் சட்டமன்றத்துக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் வைக்கவில்லை. ஊராட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வைத்தே தயாராகிறது. வைத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஓட்டு இல்லை என்றால் வாயும் இல்லை என்று ஆகிவிடாது. கிராம சபையின் உறுப்பினர் என்றால் சட்டப்படி அந்த ஊராட்சியின் வாக்காளர்தான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் தீர்மானத்தில் கை தூக்குவதும் அவர்களுக்கே. முகாமுக்குப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் அக்டோபர் 2 கிராம சபை நடந்தபோது, பள்ளிக்கூடத் திண்ணையோரம் முகாம் பெண்கள் ஏழெட்டுப் பேர் குடத்தோடு வந்து நின்றார்கள். குழாயில் தண்ணீர் வந்து நாளாயிற்று. எழுத்தர், "உங்க பேரு லிஸ்ட்ல இல்ல, கையெழுத்து போட முடியாது" என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. அதற்குள் அதே தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஊர்க்காரப் பெண் ஒருத்தி எழுந்து, "எனக்கும் அதே பைப்புதான், நான் பேசுறேன்" என்று ஆரம்பித்து, எல்லா விவரத்தையும் முகாம் பெண்களிடம் திரும்பித் திரும்பிக் கேட்டுச் சொன்னாள். தீர்மானம் அவள் பேரில் ஏறியது. பேச்சு முழுக்க அவர்களுடையது. இப்படி ஒரு வாக்காளரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நடைமுறையில் வேலை செய்கிறது. உங்கள் வீட்டில் நீங்களும் அண்ணனும் வாக்காளர்கள்தானே. ஆனால் நம் மாவட்டத்தில் கிராம ஊராட்சிகள் 95 மட்டுமே. 2011 கணக்கெடுப்பிலேயே நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறப் பகுதிகளில், பெரும்பாலும் பேரூராட்சிகளில், இருந்தார்கள். பேரூராட்சியில் கிராம சபை கிடையாது, 2022 விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும்தான். ஆகவே உங்கள் ஊர் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊராட்சி என்றால், 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது.

மனு கொடுக்கக் குடியுரிமை கேட்பதில்லை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் யாரும் கொடுக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் மட்டும் கவனம்: அதன் 3-ஆம் பிரிவு குடிமக்களுக்குத்தான் உரிமை தருகிறது, அந்த மனுவை அண்ணன் பேரில் போடுங்கள். கட்சி மேடை ஏறுவதையும் நோட்டீசில் பெயர் போடுவதையும் காகிதம் சரியாகும் வரை மைனி தவிர்ப்பது நல்லது. சொல்லாமல் கொள்ளாமல் யாராவது ஒரு புகார் எழுதிப் போட்டால் கியூ பிரிவு (இலங்கைத் தமிழர் விவகாரங்களைக் கண்காணிக்கும் மாநிலக் காவல்துறைப் பிரிவு) விசாரணைக்கு அலைய வேண்டிவரும்.

என்னைக் கேட்டால் மைனி முதலில் உட்கார வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அரசுப் பள்ளியில் இந்தக் குழுவின் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்றும், மொத்தத்தில் பாதி பெண்கள் என்றும் சொல்கிறது. தகுதி, அந்தப் பள்ளியில் பிள்ளை படிப்பதுதான். தாய் எந்த நாட்டுக் குடிமகள் என்று அந்தப் பிரிவு எங்கேயும் கேட்கவில்லை. பள்ளியின் வளர்ச்சித் திட்டம் போடுவது, அரசு தரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாம் அதன் வேலை. வார்டு உறுப்பினர் கையில் இருப்பதைவிடச் சில நேரம் இது பெரிய அதிகாரம். மாநிலத்தில் 2022-இலும் 2024-இலும் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். பிள்ளைகள் சபையோ மறைமாவட்டமோ நடத்தும் உதவிபெறும் பள்ளியில் படித்தால் அங்கே இந்தக் குழு ஆலோசனை சொல்வதோடு நின்றுவிடும், இதையும் தெரிந்துகொண்டு போங்கள். அரசுப் பள்ளி என்றால், அடுத்த முறை குழுவை மாற்றியமைக்கும் பெற்றோர் கூட்டம் எப்போது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுவைத்து, அன்றைக்கு மைனி வகுப்பறையில் முன் வரிசையில் போய் உட்காரட்டும்.